புதிய பூச்செடி இனங்களைக் கண்டுபிடிப்பதும் வகைப்படுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘புதிய தாவரம் கண்டுபிடிப்பு’ என்று மாதம் ஒரு செய்தியாவது வருகிறது. படத்தைப் பார்க்கிறோம், பகிர்கிறோம், மறந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பேச்சு வெப்பமண்டலப் பூக்கும் தாவரங்களைப் பற்றியது. புதிய இனங்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

இந்தக் காலத்திலும் பெயர் இல்லாத செடி இருக்கிறதா?

நிறைய. பூக்கும் தாவரங்கள், பெரணிகள், பைன் வகைகள் எல்லாம் சேர்த்து இதுவரை பெயரிட்டு ஏற்கப்பட்டவை சுமார் 3.5 லட்சம். அதோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 சேர்ந்துகொண்டிருக்கின்றன. பிரேசில், ஆண்டீஸ் சரிவுகள், கேமரூன், மடகாஸ்கர், போர்னியோ, நியூகினி, நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆகியவை அடிக்கடி அடிபடும் இடங்கள்.

பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் பூண்டுகள்தான் மிச்சமிருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2008இல் மடகாஸ்கரிலிருந்து பெயர் பெற்ற தாஹினா ஸ்பெக்டாபிலிஸ் ஒரு பனை. மரம் 18 மீட்டர் உயரம், ஓலை 5 மீட்டர் அகலம். நம் தாளிப்பனையைப் போலவே பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒருமுறை உச்சியில் பூத்துக் காய்த்துவிட்டு மடிந்துபோகும். அதை முதலில் கவனித்தவர்கள் தாவரவியலாளர்கள் அல்ல. முந்திரித் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தினர். 2017இல் பெயர் பெற்ற இன்காடென்ட்ரான் எஸ்ஸெரி என்ற மரம் 30 மீட்டர் வரை வளரும். பெருவில் ஆய்வாளர்கள் வருடக்கணக்காக நடந்துபோன பாதையோரத்திலேயே அது நின்றுகொண்டிருந்தது.

புதிய இனம் என்றால் புதிதாகத் தோன்றிய செடியா?

இல்லை. செடி லட்சக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே இருக்கும். அறிவியல் பதிவில் அதற்கென்று ஒரு பெயரும் விவரணையும் இதுவரை இல்லை என்பதுதான் ‘புதிய’ என்பதன் பொருள்.

காட்டில் பார்த்தவுடனே புதிது என்று தெரிந்துவிடுமா?

ஒரு பேரினத்திலேயே (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு) வாழ்நாளைக் கழித்தவருக்குச் சில சமயம் தெரியும். மற்றபடி, காட்டில் சேகரிக்கும்போது யாருக்கும் தெரிவதில்லை. மாதிரியை எடுத்து வந்து, காயவைத்து, ஏற்கெனவே தெரிந்த இனங்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு, ‘இது எதோடும் பொருந்தவில்லையே’ என்று யாராவது உட்கார்ந்து முடிவுகட்டும் நாள்தான் கண்டுபிடித்த நாள். அந்த நாள் வர எவ்வளவு காலம் ஆகிறது என்று 2010இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சேகரித்த ஐந்து ஆண்டுக்குள் பெயர் பெற்றவை 16 சதவீதம்தான். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு, ஐம்பது ஆண்டுக்கும் மேல் அலமாரியில் காத்திருந்தவை. இன்னும் பெயரிடப்படாத பூக்கும் தாவரங்கள் சுமார் 70,000 இருக்கலாம் என்றும், அவற்றில் பாதி ஏற்கெனவே சேகரிக்கப்பட்டு எங்கோ ஒரு தாளில் ஒட்டிக்கிடக்கலாம் என்றும் அதே ஆய்வு சொன்னது.

இதற்கு நல்ல உதாரணம் 2022 ஜூலையில் பெயர் பெற்ற ராட்சத அல்லி, விக்டோரியா பொலிவியானா. தட்டுப் போன்ற பெரிய இலையில் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுப்பார்களே, அந்த அல்லிகளின் பேரினம்தான் விக்டோரியா. அதில் அமசோனிகா, குருசியானா என்று இரண்டே இனங்கள் என நூற்றாண்டுக்கும் மேலாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது இனத்தின் உலர்ந்த மாதிரி ஒன்று லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் 177 ஆண்டுகளாக இருந்தது. பொலிவியாவின் தேசிய உலர்தாவரகத்தில் இன்னொன்று 34 ஆண்டுகளாக இருந்தது. இரண்டிலும் வேறு இனத்தின் பெயர்.

கியூவில் நீர்த்தாவரங்களைக் கவனிக்கும் தோட்டக்கலைஞர் கார்லோஸ் மக்தலேனா 2006இல் இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்து, இது வேறாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். 2016இல் பொலிவியத் தோட்டங்கள் விதை கொடுத்தன. அந்த மூன்றையும் அருகருகே வளர்த்துப் பார்த்தபோதுதான் முள் இருக்கும் இடம், விதையின் வடிவம் போன்ற வித்தியாசங்கள் தெளிவாயின. மரபணு ஆய்வும் அதையே சொன்னது. இலை 3.2 மீட்டர் அகலம் வரை விரியும், உலகிலேயே பெரிய அல்லி இது. இத்தனை பெரியது எப்படித் தப்பியது என்றால், பெரியதாக இருந்ததால்தான். மூன்று மீட்டர் முள்ளிலையை எந்தத் தாளில் வைத்து அழுத்துவது? துண்டு துண்டாக வெட்டிக் காயவைத்த மாதிரிகளை வைத்துக்கொண்டு யாரும் சரியாக ஒப்பிட முடியவில்லை. வளர்த்துப் பார்த்த ஒரு தோட்டக்காரர் கண்ணுக்குத்தான் அது அகப்பட்டது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதியே அதுதான்.

உலர்தாவரகம் என்கிறீர்களே, அது என்ன?

ஹெர்பேரியம். காய்ந்த செடிகளின் நூலகம் என்று வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க 3,500க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 40 கோடி மாதிரிகள். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம், திருச்சியில் ராப்பினாட் ஹெர்பேரியம் இரண்டும் முக்கியமானவை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினுடையது இருக்கிறது.

வேலை எளிமையானதுதான். பூவும் காயும் இலையும் உள்ள ஒரு கிளையை வெட்டுவார்கள். எட்டாத மரமென்றால் நீளக் கம்பில் கத்தரி கட்டிய தொரட்டி. செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைப்பார்கள். அப்புறம் கெட்டி அட்டையில் ஒட்டி, மூலையில் ஒரு சீட்டு: எங்கே, என்றைக்கு, யார் எடுத்தது, எவ்வளவு உயரத்தில், பூவின் நிறம் என்ன, மரமா கொடியா. பூவின் நிறமும் மணமும் காய்ந்தால் போய்விடும் என்பதால் சீட்டில் எழுதாவிட்டால் அது தொலைந்ததுதான். ஒரே செடியிலிருந்து நான்கைந்து கிளை எடுத்து வெவ்வேறு உலர்தாவரகங்களுக்கு அனுப்புவதும் வழக்கம்.

மழைக்காட்டில் இதற்கு ஒரு தொல்லை உண்டு. எதுவும் காயாது, இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் செய்தித்தாள் கட்டைச் சாராயத்தில் நனைத்து, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி எடுத்து வந்து, ஊர் திரும்பிய பிறகு காயவைப்பார்கள். அழுகாது. ஆனால் அப்படி ஊறிய இலையிலிருந்து டிஎன்ஏ எடுப்பது கடினம். ஆகவே ஒரு சின்ன இலைத்துண்டைத் தனியாக, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டுவைப்பார்கள்.

பூ இல்லாமல் அடையாளம் காண முடியாதா?

பல குடும்பங்களில் (பேரினங்களின் தொகுப்புதான் குடும்பம்) முடியாது. இலை ஊருக்கு ஒரு மாதிரி மாறும், நிழலுக்கு ஒரு மாதிரி மாறும். குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006, அடுத்து 2018. அதே பேரினத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள், பலவும் இப்படி இடைவெளி விட்டுத்தான் பூக்கும். தப்பான வருடத்தில் மலையேறினால் பச்சைப் புதரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சரி, இது வேறு இனம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

ஒரே ஒரு வித்தியாசம் போதாது. ஒன்றோடொன்று சேர்ந்தே வருகிற பல வித்தியாசங்கள் வேண்டும். பூவிதழின் எண்ணிக்கை, மகரந்தப்பை திறக்கும் விதம், சூலகத்தின் அறைகள், இலையடி ரோமம், விதையின் மேற்பரப்பு, பூக்கும் பருவம், வளரும் உயரம் இப்படி. பத்து மாதிரியில் பார்த்த வித்தியாசம் பதினோராவதில் மறைந்துவிட்டால் அது இனம் அல்ல, ஊர் வேறுபாடு. எங்கே கோடு போடுவது என்பதில் வகைப்பாட்டியலாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. சிலர் பிரிப்பவர்கள், சிலர் சேர்ப்பவர்கள். ஆக, புதிய இனம் என்பது ஒரு கருதுகோள். அடுத்து வருபவர் கூடுதல் மாதிரிகளைப் பார்த்து அதைக் கவிழ்க்கலாம்.

இதைக் கேட்டு, ‘அப்படியானால் இருக்கும் பெயர்களை எவ்வளவு நம்புவது?’ என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. ஆப்பிரிக்க இஞ்சிக் குடும்பத்தில் அஃப்ரமோமம் என்ற பேரினம் இருக்கிறது. உலகெங்கும் உள்ள அதன் சுமார் 4,500 மாதிரிகளைச் சரிபார்த்து 2014இல் முழு ஆய்வை முடிப்பதற்கு முன்பு, அவற்றில் 58 சதவீதமாவது தவறான பெயரிலோ, காலாவதியான பெயரிலோ, பேரினப் பெயரோடு மட்டுமோ இருந்தன. 2015இல் வெளிவந்த இந்தக் கணக்கு பலரைத் தூக்கிவாரிப்போட்டது. காட்டுக்குப் போகப் பணம் திரட்டுவது எளிது. ஒரு பேரினத்தைப் பத்தாண்டு உட்கார்ந்து சரிபார்ப்பவருக்குச் சம்பளம் கொடுக்க ஆள் கிடைப்பது கடினம். குறை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

டிஎன்ஏ பார்த்தால் போதுமே, எதற்கு இவ்வளவு பாடு?

டிஎன்ஏ பெரிய உதவி, சில இடங்களில் அது இல்லாமல் நகரவே முடியாது. பெருவின் மனு காட்டில் 1973இல் ராபின் ஃபாஸ்டர் என்ற தாவரவியலாளர் ஒரு சின்ன மரத்தைப் பார்த்தார். காகித விளக்குக் கூண்டு மாதிரி ஆரஞ்சு நிறக் காய்கள். மாதிரி எடுத்துவந்து காட்டினால், எந்த இனம் என்பது இருக்கட்டும், எந்தக் குடும்பம் என்றே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பல பத்தாண்டுகள் இப்படியே போயிற்று. பழைய மாதிரியிலிருந்து டிஎன்ஏ எடுக்க முயன்றார்கள், சரிவரவில்லை. பிறகு பாட்ரிசியா ஆல்வாரெஸ் லோயாசா அதே காட்டில் தேடிப் புதிய இலைகளைச் சேகரித்துக் கொடுத்தார். அதில் விடை வந்தது: பிக்ராம்னியேசி என்ற சிறு குடும்பம். தோற்றத்தில் அந்தக் குடும்பத்து மரங்களைப் போலவே இல்லை. ஆனால் குடும்பம் தெரிந்த பிறகு உற்றுப் பார்த்தால், பூவின் உள்ளமைப்பு ஒத்துப்போயிற்று. 2021இல் அதற்கு ஏனிக்மானு ஆல்வாரெசியே என்று பெயர். தனிப் பேரினம்.

குடும்பங்களை ஒழுங்குபடுத்துவதிலும் இதே கதை. தாமரையையும் அல்லியையும் அக்கா தங்கையாகவே நாம் நினைத்துவந்தோம். தாவரவியலாளர்களும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். மரபணு பார்த்தால் தாமரைக்கு அல்லி தூரம். தாமரையின் உறவு வட்டத்தில் இருப்பது நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரம்!

ஆனால் டிஎன்ஏவும் ஏமாற்றும். 1818இல் சுமத்ராவில் ஐரோப்பியர் கண்ட ரஃப்ளீசியா அர்னால்டி உலகிலேயே பெரிய பூ, ஒரு மீட்டர் அகலம் வரும். இலை, தண்டு, வேர் எதுவும் கிடையாது. பிரண்டைக் குடும்பத்துக் கொடி ஒன்றுக்குள் ஒட்டுண்ணியாக வாழ்கிறது. எதை வைத்து இதை வகைப்படுத்துவது? ஒரு மரபணுவைப் பார்த்தால் பிரண்டைக் குடும்பத்தின் பக்கத்தில் காட்டியது. விசாரித்ததில், அந்த மரபணு ஒட்டுண்ணிக்குள் கொடியிலிருந்து புகுந்தது என்று தெரிந்தது. வேறு பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வு, ரஃப்ளீசியாவை ஆமணக்கும் மரவள்ளியும் உள்ள குடும்பத்துக் கிளைகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தது. மிகச் சிறிய பூக்களுக்குப் பேர்போன குடும்பம் அது. இதனால்தான் இப்போது ஒன்றிரண்டு மரபணுக்களோடு நிறுத்துவதில்லை. 2024 ஏப்ரலில் வெளிவந்த பூக்கும் தாவரங்களின் மரம், 9,500க்கும் மேற்பட்ட இனங்களில் 353 மரபணுக்களை ஒப்பிட்டு வரையப்பட்டது. அதிலும் நிறைய டிஎன்ஏ பழைய உலர் மாதிரிகளிலிருந்துதான் வந்தது.

பெயர் வைக்க என்ன விதி? எங்கே பதிய வேண்டும்?

பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் திருத்துவார்கள். கடைசியாக 2024இல் மாட்ரிட்டில். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது. அதற்கு முந்தைய பெயர்கள் செல்லாது.

புதிய பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் அதை முறையாக வெளியிட வேண்டும். செய்தித்தாளில் சொன்னாலோ, கூட்டத்தில் அறிவித்தாலோ செல்லாது. முதல் பாதியான பேரினப் பெயர், இரண்டாம் பாதியான சிற்றினப் பெயர் இரண்டும் லத்தீன் வடிவில் இருக்க வேண்டும். மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற குறிப்பு வேண்டும். 1935இலிருந்து 2011 முடிய அது லத்தீனில்தான் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது, 2012 முதல் ஆங்கிலமும் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஒரு மாதிரியை ‘இதுதான் மூலமாதிரி’ என்று குறிப்பிட்டு, எந்த உலர்தாவரகத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். ஹோலோடைப் என்பது அதுதான். அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று நாளைக்கு வழக்கு வந்தால், தீர்ப்பு சொல்வது அந்தத் தாள்தான், எழுதியவரின் விவரணை அல்ல. 1943இல் பெர்லின் உலர்தாவரகம் குண்டுவீச்சில் எரிந்ததும், 1945இல் மணிலாவினுடையது அழிந்ததும் இன்றுவரை தலைவலியாக இருப்பது அதனால்தான். நல்லவேளை, பல மாதிரிகளின் இணைக் கிளைகள் வேறு நாடுகளுக்கு முன்பே போயிருந்தன.

யார் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாமா? என் பெயரை?

தன் பெயரைத் தானே வைப்பதை விதி தடுக்கவில்லை, ஆனால் வைத்தால் சிரிப்பார்கள். மற்றவர் பெயரை வைக்கலாம். கேமரூனின் ஈபோ காட்டில் மரம் வெட்டும் திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்த நடிகர் லியனார்டோ டிகாப்ரியோவின் பெயரில் 2022இல் யுவாரியாப்சிஸ் டிகாப்ரியோ வந்தது. சீத்தாப்பழக் குடும்பத்து மரம், சுமார் 4 மீட்டர் உயரம்.

எனக்கு இதைவிட மனதுக்கு நெருக்கமானது ஒரு பழைய பெயர். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாகத் தென்னிந்தியத் தாவரங்களின் படங்களை வெளியிட்டார். அவற்றை வரைந்தவர்களில் முக்கியமான இருவர் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்கள். வைட் ஓர் ஆர்க்கிட்டுக்குக் ‘கோவிந்தூயியா’ என்று பேரினப் பெயரே வைத்தார். பின்னாளில் அது வேறு பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டு, பெயர் வழக்கிலிருந்து போய்விட்டது. விதியின்படி சரிதான். இருந்தாலும் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

வைத்த பெயர் தவறாகிப்போனால் மாற்றலாமா?

பொருத்தமில்லை என்பதற்காக மட்டும் மாற்ற முடியாது. இதற்கு ஈக்வடாரின் செந்தினேலா மலைமுகட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1970களிலும் 80களிலும் ஆல்வின் ஜென்ட்ரி, கலவே டாட்சன் என்ற தாவரவியலாளர்கள் இருவரும் அந்த முகட்டில் செடி சேகரித்தார்கள். வேறெங்கும் இல்லாத சுமார் 90 இனங்கள் அங்கே இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் கண்முன்னாலேயே காடு விவசாயத்துக்காக அழிந்தது. காடு போனதால் அத்தனை இனங்களும் ஒரேயடியாக அழிந்தன என்று கருதப்பட்டு, உயிரியல் பாடங்களில் அதற்கென்றே ‘செந்தினேல அழிவு’ என்று ஒரு பெயர் வந்தது. அங்கே கடைசியாக 1985இல் எடுக்கப்பட்ட, ஆரஞ்சு நிறப் பூவுள்ள ஒரு சிறு செடிக்கு 2000இல் பெயர் வைத்தவர்கள், அது இனி இல்லை என்று எண்ணி காஸ்டெராந்தஸ் எக்ஸ்டிங்டஸ் என்றே வைத்துவிட்டார்கள். ‘அழிந்துபோனது’ என்று பெயர்.

2021 நவம்பரில் ஒரு குழு, செயற்கைக்கோள் படத்தில் தெரிந்த மிச்சக் காட்டுத் துண்டுகளுக்குப் போனது. செடி பூத்து நின்றது. பெயர் அப்படியே இருக்கிறது, அதை மாற்ற விதியில் இடமில்லை. அதோடு முடியவில்லை. செந்தினேலாவுக்கு மட்டுமே உரியவை என்று ஒரு காலத்தில் நினைத்த 98 இனங்களை எடுத்துக்கொண்டு, உலகின் உலர்தாவரகங்களில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். அநேகமாக எல்லாமே வேறு இடங்களிலும் இருந்தன. 2024இல் இந்த முடிவு வெளிவந்தது. ‘பார்த்தீர்களா, அழிவெல்லாம் மிகை’ என்று இதை வைத்துச் சிலர் பேசுகிறார்கள். காடு போனது உண்மை, மிஞ்சியவை சிறு துண்டுகளில் தொங்கிக்கொண்டிருப்பதும் உண்மை. அன்றைக்கு அந்த வட்டாரத்தில் யாரும் போதுமான அளவு சேகரித்திருக்கவில்லை என்பதுதான் இதிலிருந்து தெரிவது.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. இலுப்பையின் உறவான மதுகா டிப்ளோஸ்டெமன் மரத்தை வைட் 1835இல் சேகரித்தார். அதன்பின் யாரும் பார்க்கவில்லை. சுமார் 180 ஆண்டு கழித்துக் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு கோயில் காவில் நின்ற மரம் அதுதான் என்று கண்டார்கள்.

ஒரு விதிவிலக்கும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கர்களை இழிவுபடுத்தும் சொல்லிலிருந்து வந்த ‘காஃப்ரா’ என்ற சிற்றினப் பெயரை எல்லா இடத்திலும் ‘ஆஃப்ரா’ என்று மாற்ற 2024 மாநாட்டு வாக்கெடுப்பு முடிவு செய்தது. 200க்கும் மேற்பட்ட பெயர்கள் மாறின.

அப்படியானால் பழகிய பெயர்கள் மட்டும் ஏன் அடிக்கடி மாறுகின்றன?

அது வேறு காரணம். இனத்தைப் பற்றிய புரிதல் மாறி, அது வேறு பேரினத்துக்குப் போனால், பெயரின் முதல் பாதி மாறியே தீரும். நம் கருவேலம் பல காலம் அகேசியா நிலோட்டிகா. சொல்லப்போனால் அகேசியா என்ற பேரினத்துக்கே மூலமாதிரி அதுதான். ஆனால் அகேசியா ஒரே குலம் அல்ல என்று ஆய்வில் தெரிந்து பிரிக்கவேண்டி வந்தபோது, ஆஸ்திரேலியாவில் சுமார் ஆயிரம் இனங்கள், அவற்றின் பெயரையெல்லாம் மாற்றுவதா என்ற கேள்வி எழுந்தது. 2005 வியன்னா மாநாட்டில் மூலமாதிரியையே மாற்றி, அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரிய சண்டை. 2011இல் மெல்போர்னில் அது உறுதியாயிற்று. கருவேலம் இப்போது வாச்செல்லியா நிலோட்டிகா.

சீமைக் கருவேலத்துக்கு வந்தது தலைகீழ். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று நீதிமன்ற மனுக்களில்கூட எழுதப்பட்ட அந்த மரம், 2022 ஆய்வுக்குப் பின் நெல்டூமா ஜூலிஃப்ளோரா. புரோசோபிஸ் என்ற பெயர் நம் வன்னி மரத்திடமே தங்கிவிட்டது.

அங்கே வாழும் மக்களுக்குத் தெரிந்த செடியை ‘கண்டுபிடித்தோம்’ என்பது சரியா?

சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். ‘விவரித்தோம்’ என்பது நேர்மையான சொல். லின்னேயஸ் பார்த்தே இராத இந்தியச் செடிகளுக்குப் பெயர் வைத்தது, மலபாரில் டச்சு ஆளுநர் வான் ரீட் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ஹோர்த்துஸ் மலபாரிகஸ் நூலைப் பார்த்துத்தான். அந்த நூலுக்குத் தகவல் சொன்னவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். நூலில் அவர் சான்றிதழே இருக்கிறது. இன்றைக்கும் காட்டில் மரத்தைக் காட்டிக்கொடுப்பவர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்தான். கட்டுரையில் நன்றி என்ற இடத்தில் ஒரு வரியோடு அவரை நிறுத்திவிடுவது இன்னும் போகவில்லை.

கைபேசிச் செயலி புதிய இனத்தைக் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்காது. தெரிந்த இனங்களில் எது நெருக்கமாக இருக்கிறதோ அதன் பெயரைத்தான் அது சொல்லும். ஆனால் நீங்கள் ஏற்றும் படத்தை ஒரு நிபுணர் பார்க்கக்கூடும். பிரேசிலில் ஒருவர் முகநூலில் போட்ட படத்தைப் பார்த்துத்தான் ட்ரோசெரா மக்னிஃபிகா என்ற பூச்சியுண்ணும் செடி தெரியவந்தது. 2015இல் பெயர் வைத்தார்கள். அமெரிக்கக் கண்டங்களில் அந்த வகையில் பெரியது. ஒரே ஒரு மலையில்தான் இருக்கிறது.

கண்டுபிடித்த இடத்தை ஏன் சரியாகச் சொல்வதில்லை?

ஆர்க்கிட் என்றால் அதற்குக் காரணம் திருட்டு. 2002இல் பெருவில் சாலையோரக் கடையில் ஓர் அமெரிக்கர் ஓர் ஆர்க்கிட்டை விலைக்கு வாங்கினார். கையகலப் பூ, ஊதா கலந்த இளஞ்சிவப்பு. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் ஃப்ளோரிடாவில் ஒரு தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே அவசர அவசரமாக எழுதி, ஃப்ராக்மிபீடியம் கோவாக்கியி என்று அவர் பெயரிலேயே ஜூனில் வெளியிட்டார்கள். இன்னொரு நிபுணர் பெருவின் பெயரில் வைக்கத் தயாராக இருந்தார். சில நாள் பிந்திவிட்டார். முதலில் வெளியானதுதான் செல்லும் என்பதால், கடத்திவந்தவர் பெயரே நிலைத்தது. வழக்கில் அவருக்கும் பூங்காவுக்கும் தண்டனை கிடைத்தது. ஆனால் அதற்குள் அந்தச் செடி வளர்ந்த இடத்தைச் சேகரிப்பாளர்கள் துடைத்துவிட்டிருந்தார்கள்.

புதிதாகப் பெயர் பெறும் இனங்கள் பெரும்பாலும் ஒரு பள்ளத்தாக்கு, ஒரு குன்று என்று குறுகிய இடத்தில் வாழ்பவை. இன்னும் பெயர் வைக்காத தாவரங்களில் நான்கில் மூன்று பங்கு அழியும் அபாயத்தில் இருக்கும் என்று கியூவின் 2023 அறிக்கை மதிப்பிட்டது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு ஜிபிஎஸ் புள்ளியோடு விளம்பரம் கொடுப்பது ஆபத்து.

இந்தியாவில் யார் வேண்டுமானாலும் சேகரிக்கலாமா?

காப்புக் காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூட எடுக்கக் கூடாது. வெளிநாட்டவர் என்றால், பல்லுயிர் வளச் சட்டம் 2002இன்படி சென்னை தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். புதிய இனம் என்றால், அரசு குறித்துள்ள களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

எங்கள் ஊர் மலையில் ஒரு செடி, எந்தப் புத்தகத்திலும் இல்லை. என்ன செய்வது?

பிடுங்க வேண்டாம். படம் எடுங்கள்: முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், காம்பு தண்டோடு சேரும் இடம், பூவின் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம். காய் இருந்தால் அதுவும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள், நாணயமாவது வையுங்கள். கீழே உதிர்ந்த பூ கிடைத்தால் நீளவாக்கில் பிளந்து உள்ளே எடுங்கள்; நிபுணர்கள் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான். பால் வடிகிறதா, வாசனை உண்டா, ஊரில் அதற்கு என்ன பெயர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறைக்கோ, மேலே சொன்ன உலர்தாவரகங்களுக்கோ அனுப்புங்கள். முதலில் அவர்கள் புரட்டப்போவது 1915இல் தொடங்கி 1936 வரை வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலையும், திருச்சிப் பாதிரியார் மேத்யூவின் ‘தமிழ்நாடு கர்நாடிக்’ (கர்நாடக மாநிலம் அல்ல, தமிழ்நாட்டுச் சமவெளிப் பகுதி) தாவர நூலையும்தான். பத்தில் ஒன்பது தடவை அங்கேயே விடை கிடைத்துவிடும், தெரிந்த செடிதான் என்று பதில் வரும். எங்கிருந்தோ வந்த அலங்காரச் செடி தோட்டத்திலிருந்து தப்பித்துக் காட்டில் பரவியிருப்பதும் சகஜம். அந்த மாவட்டத்தில் முன்பு பதிவாகாத இனமாக இருந்தால் அதுவும் நல்ல செய்தியே, பதிவு செய்வார்கள். அதற்கும் மேலே போனால், ‘அடுத்து எப்போது பூக்கும், வந்து பார்க்கலாமா?’ என்று கேட்பார்கள். அப்போது வனத்துறைக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கலாம்.